புதியவரும் பேசும் வட்டம்: கலந்துரையாடலை நெறிப்படுத்தும் முறை

கலந்துரையாடல் வட்டம் ஒன்றுக்கு முதன்முறையாக வருபவர் பெரும்பாலும் ஓரத்து நாற்காலியைத் தேடி அமர்கிறார். மற்றவர்கள் சிரிக்கும்போது தாமும் சிரிக்கிறார். மற்றவர்கள் தலையசைக்கும்போது தாமும் தலையசைக்கிறார். கூட்டம் முடிந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிறார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வராதபோது, "அவருக்கு அவ்வளவாக ஆர்வம் இல்லை போலும்" என்று வட்டத்தினர் தமக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். இத்தகைய வட்டங்களில் முதலில் உறுப்பினனாகவும் பின்னர் நெறியாளனாகவும் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இந்த விளக்கம் பெரும்பாலும் தவறு என்றே நான் கருதுகிறேன். புதியவர் பேசாமல் போவதற்கு அவருடைய கூச்சம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அந்த அறையில் பேச்சு நடக்கும் ஏற்பாடு. கூச்சத்தை நெறியாளரால் நீக்க இயலாது. ஏற்பாட்டை மாற்ற அவரால் இயலும்.

வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை எட்டு முதல் இருபது பேர் வரை நேரில் கூடி, படித்த ஒன்றைப் பற்றியோ தொழில் சார்ந்த சிக்கலைப் பற்றியோ பொதுப் பிரச்சினையைப் பற்றியோ பேசும் வட்டங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இங்கே நெறியாளர் என்பவர் பாடம் நடத்தும் ஆசிரியரும் அல்லர், தீர்ப்புச் சொல்லும் நடுவரும் அல்லர். பேச்சு எடுத்துக்கொண்ட பொருளை விட்டு விலகாமல் காப்பதும், பேசும் வாய்ப்பு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதைக் கண்காணிப்பதுமே அவருடைய வேலை. முதல் பாதியைப் பலரும் நன்றாகவே செய்கிறார்கள். இரண்டாம் பாதி பெரும்பாலும் கவனிப்பாரின்றிப் போகிறது.

புதியவரை இவ்வளவு முயன்று பேசவைப்பது அன்பின் பொருட்டு மட்டுமன்று. காரல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் ஆகிய இருவரும் 1985-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பதவிக்குப் போட்டியிடுபவர்களைப் பற்றிய தகவல்கள் குழுவினருக்குப் பிரித்துத் தரப்பட்டன; சில தகவல்கள் எல்லோரிடமும் இருந்தன, சில தகவல்கள் ஒவ்வொருவரிடம் மட்டும் இருந்தன. தனித்தனியாக இருந்தவற்றை ஒன்றுசேர்த்தால்தான் தகுதி மிக்கவர் யார் என்பது புலப்படும். ஆனால் குழுவினர் எல்லோருக்கும் முன்பே தெரிந்தவற்றையே திரும்பத் திரும்பப் பேசினார்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்தவை பெரும்பாலும் பேச்சுக்கே வரவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒன்றாகக் கூடுபவர்களிடையே பொதுவாகத் தெரிந்தவை பெருகிக்கொண்டே போகின்றன. மற்ற எவருக்கும் தெரியாத ஒன்றை அறிந்தவர் அந்த அறைக்குள் இருப்பாரானால், அவர் அன்று புதிதாக வந்தவராக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

பேச்சு கைமாறும் விதம்

அடுத்துப் பேசப்போவது யார் என்பது உரையாடலில் தற்செயலாக முடிவாவதில்லை. ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகிய மூவர் 1974-இல் இதன் ஒழுங்கை விளக்கினார்கள். பேசிக்கொண்டிருப்பவர் பார்வையாலோ பெயராலோ கேள்வியாலோ அடுத்தவரைக் குறித்துவிட்டால் அவர் பேசுகிறார்; யாரையும் குறிக்காவிட்டால் முந்திக்கொள்பவர் பேசுகிறார்; யாரும் முந்திக்கொள்ளாவிட்டால் பேசிக்கொண்டிருந்தவரே தொடர்கிறார். இந்த மூன்று வழிகளில் எதுவும் புதியவரிடம் இயல்பாக வந்து சேராது. அவருடைய பெயர் பலருக்குத் தெரியாது. பேசுபவரின் பார்வை பழகிய முகங்களையே நாடுகிறது. முந்திக்கொள்வதற்கோ அவருக்கு நேரம் போதவில்லை. 10 மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, கேள்வி முடிந்து பதில் தொடங்குவதற்கு ஆகும் நேரம் சராசரியாக ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஒருவரை ஒருவர் நன்கு அறிந்தவர்கள், எதிரில் இருப்பவர் வாக்கியத்தை எங்கே முடிப்பார் என்பதை முன்கூட்டியே உணர்ந்து தம் பேச்சைத் தயாராக வைத்திருக்கிறார்கள். புதியவர் "இப்போது பேசலாமா" என்று நினைத்து முடிப்பதற்குள் வேறு இருவர் பேசி முடித்திருப்பார்கள்.

இதனோடு இன்னொரு தடையும் சேர்கிறது. சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய வேலை தரப்பட்டது. முன்னேற்பாட்டின்படி மற்ற எல்லோரும் ஒரே தவறான விடையைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்கள் அளித்த விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறான விடையோடு ஒத்துப்போனது. கண்ணுக்கு நேராகத் தெரியும் கோட்டின் நீளத்திலேயே இந்த நிலை என்றால், கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள ஒரு பொருளில் பத்துப் பழையவர்கள் ஒரே குரலில் பேசியபின் புதியவர் மாற்றுக் கருத்தை எடுத்து வைப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அதே சோதனைகளில் நெறியாளருக்குப் பயன்படும் இரண்டு செய்திகளும் கிடைத்தன. கூட்டத்தில் ஒரே ஒருவர் மாறுபட்டுப் பேசினாலும் மற்றவருக்குத் துணிவு வந்தது. விடையை வாயால் சொல்லாமல் தனியாக எழுதச் சொன்னபோதும் இணக்கம் வெகுவாகக் குறைந்தது. கீழே சொல்லப்போகும் பல உத்திகளுக்கு இவ்விரண்டும் அடிப்படை.

கூட்டத்துக்கு முன்பே செய்ய வேண்டியவை

புதியவரை முதலில் சந்திக்கும் இடம் கூட்ட அறையாக இருக்கக் கூடாது. கூட்டம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னதாக அவரை வரச் சொல்லி, அல்லது முதல் நாளே தொலைபேசியில் அழைத்து, பத்து நிமிடம் பேச வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் என்ன வேலை செய்கிறார், இந்தப் பொருளில் எது அவரை இழுத்தது, எதைப் பற்றிக் கேட்க விரும்புகிறார் என்பவற்றைத் தெரிந்துகொண்டால், பின்னால் அவரைப் பேச அழைப்பதற்குப் பொருத்தமான தருணம் எது என்பது நெறியாளருக்குத் தானாகத் தெரியவரும். அவர் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்வதும் இந்தப் பேச்சின் நோக்கங்களில் ஒன்று.

வட்டத்தின் நடைமுறைகளையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். எங்கள் வட்டத்துக்கு விதிகளே கிடையாது, யாரும் எப்போதும் பேசலாம் என்று பெருமையோடு சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று இருக்க முடியாது என்றும், எழுதப்படாத விதிகள் அவற்றை அறிந்த சிலருக்கே அதிகாரம் தருகின்றன என்றும் ஜோ ஃப்ரீமன் 1970-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். கையை உயர்த்திவிட்டுப் பேச வேண்டுமா, இடையில் கேள்வி கேட்கலாமா, படிக்காமல் வந்தால் அமர்ந்து கேட்கலாமா, கூட்டம் எத்தனை மணிக்கு உண்மையில் முடியும் என்பன போன்றவை பழையவர்களுக்குப் பழக்கத்தால் தெரியும். புதியவருக்கு அவை ஒவ்வொன்றும் ஒரு தயக்கம். ஒரு பக்கத்துக்கு மிகாமல் இவற்றை எழுதி, வருபவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. அந்தப் பக்கத்தில், முதல் கூட்டத்தில் ஒன்றும் பேசாமல் இருந்தாலும் குறையில்லை என்ற வரியும் கட்டாயம் இருக்க வேண்டும். பேசாமல் இருப்பதற்கு உரிமை உண்டு என்று தெரிந்தவரே நிம்மதியாக அமர்ந்து கேட்பார். நிம்மதியாகக் கேட்பவருக்கே சொல்வதற்கு ஏதேனும் தோன்றும்.

இருக்கைகளைப் பற்றி ஒரு சொல். வட்டமாக அமர்ந்திருப்பவர்கள், பக்கத்தில் இருப்பவர் பேசியதற்கு அடுத்துப் பேசுவதைவிட, எதிரில் இருப்பவர் பேசியதற்கு அடுத்துப் பேசுவதே அதிகம் என்பதை பெர்னார்ட் ஸ்டைன்சர் 1950-இல் கண்டறிந்தார். கண்ணுக்கு நேராக இருப்பவரின் முகமும் கைகளும் முழுமையாகத் தெரிவதே இதற்குக் காரணம் என்று கொள்ளலாம். ஆகவே புதியவரை நெறியாளருக்கு நேர் எதிரே அமர்த்த வேண்டும். அவர் பேச முற்படும்போது உதடு பிரிவதையும் உடல் முன்னால் சாய்வதையும் நெறியாளரால் உடனே காண முடியும். மிகுதியாகப் பேசும் பழக்கமுள்ளவரை நெறியாளருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்த்தலாம். புதியவரை ஓரத்தில் விடாமலிருக்க எளிய வழி, நாற்காலிகளை வருபவர்களின் எண்ணிக்கைக்குச் சரியாக மட்டும் போட்டு, வட்டத்துக்கு வெளியே இரண்டாம் வரிசை உருவாக இடமளிக்காமல் இருப்பது.

முதல் பத்து நிமிடம்

"ஒவ்வொருவரும் உங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுங்கள்" என்று தொடங்கும் அறிமுகச் சுற்று நல்ல நோக்கத்தோடு நடத்தப்படுகிறது. ஆனால் அது பல வேளைகளில் எதிர்மாறான விளைவைத் தருகிறது. பழையவர் ஒருவர் தம் பதவியையும் பட்டங்களையும் அனுபவத்தையும் மூன்று நிமிடம் விவரித்தபின், அடுத்து அமர்ந்திருக்கும் புதியவர் தம் பெயரை மட்டும் முணுமுணுத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறார். தமக்கு முன் பேசியவர்களின் தகுதிகளைக் கேட்டுக் கேட்டு அவர் மனத்தில் அவையச்சம் வளர்ந்துவிடுகிறது. அதற்கு மாறாக, பெயரோடு சேர்த்து அன்றைய பொருளைத் தொட்ட மிகச் சிறிய ஒன்றை மட்டும் கேட்கலாம்: இந்தப் பகுதியில் உங்களுக்குப் புரியாத ஒரு வரி எது, இந்தச் சிக்கலை நீங்கள் கடைசியாக எங்கே கண்டீர்கள் என்பன போல. புரியாததைக் கேட்கும் கேள்வி இதற்கு மிகப் பொருத்தமானது. அதில் முதலில் விடை சொல்பவர் வட்டத்தின் மூத்த உறுப்பினராக இருந்தால், தெரியாது என்று சொல்ல இங்கே வெட்கப்பட வேண்டியதில்லை என்பதைப் புதியவர் தாமே கண்டுகொள்வார்.

அதன்பின் இரண்டு நிமிடம் எல்லோரும் வாய்பேசாமல் எழுத வேண்டும். நெறியாளர் கேள்வியைப் பலகையில் எழுதி வைத்து, தாமும் எழுத வேண்டும். இந்த இரண்டு நிமிடத்தை வீணென்று கருதுபவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்தவரை, கூட்டத்தில் செலவிடும் நேரத்தில் இதைவிடப் பயன் தருவது எதுவும் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பதே கூட்டுச் சிந்தனையை மெதுவாக்குகிறது என்பதையும், காத்திருக்கும்போது தோன்றிய எண்ணங்கள் மறந்துபோகவோ கைவிடப்படவோ செய்கின்றன என்பதையும் மைக்கேல் டீலும் வொல்ஃப்காங் ஷ்ட்ரோபேயும் 1987-இல் விளக்கினார்கள். எழுதி வைத்தவருக்கு அந்த இழப்பு இல்லை. மேலும், மற்றவர் கருத்தைக் கேட்பதற்கு முன்பே எழுதப்பட்ட கருத்து, ஆஷின் சோதனையில் தனியாக எழுதப்பட்ட விடையைப் போல, கூட்டத்தின் அழுத்தத்துக்கு எளிதில் வளைவதில்லை. எழுதியபின் ஒவ்வொருவரும் ஒரே ஒரு குறிப்பை மட்டும் வாசித்துக்கொண்டு சுற்றி வருவது அடுத்த படி. ஆண்ட்ரே டெல்பெக்கும் ஆண்ட்ரூ வான் டி வென்னும் 1971-இல் வகுத்த குழு முறையின் முதல் இரண்டு படிகள் இவையே: முதலில் மௌனமாக எழுதுதல், பிறகு சுற்று முறையில் ஒவ்வொன்றாகச் சொல்லுதல். சுற்று முடியும்வரை எவர் கருத்தைப் பற்றியும் எவரும் ஆராயக் கூடாது என்பதை நெறியாளர் கண்டிப்பாகக் காக்க வேண்டும்.

பன்னிரண்டு பேருக்கு மேல் கூடிவிட்டால், எழுதிய உடனே இருவர் இருவராகச் சேர்ந்து மூன்று நிமிடம் பேசச் சொல்வது உதவும். ஒருவரிடம் சொல்லிப் பார்த்ததைப் பன்னிரண்டு பேரிடம் சொல்வது எளிது. இணையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தற்செயலுக்கு விடாமல், நன்றாகக் கேட்கத் தெரிந்த பழையவர் ஒருவரைப் புதியவரோடு சேர்த்து வைக்க வேண்டும். நன்றாகப் பேசத் தெரிந்தவர் இந்த இடத்துக்கு ஏற்றவர் அல்லர்.

கேள்வியும் காத்திருப்பும்

"யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்பது கேள்வி போலத் தோன்றினாலும், அது முந்திக்கொள்பவருக்கான அழைப்பே. "இந்தக் கருத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்ற கேள்வி ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களில் முடிந்துவிடுகிறது. புதியவர் நுழையக் கூடிய கேள்விக்கு, சிறப்பறிவு இல்லாதவரும் தம் வாழ்க்கையிலிருந்தோ முன்னே இருக்கும் பக்கத்திலிருந்தோ விடை எடுக்க முடிய வேண்டும். அதே வேளையில், சிறப்பறிவு உள்ளவருக்கும் அது அற்பமாகத் தோன்றக் கூடாது. "இந்த முடிவால் யாருக்கு முதலில் சிரமம் வரும்?" என்பது அத்தகைய கேள்வி. இவ்வாறான நான்கைந்து கேள்விகளைக் கூட்டத்துக்கு முன்பே எழுதிக்கொண்டு வருவது நெறியாளரின் கடமை. அவற்றில் இரண்டுக்கு மேல் பயன்படாமல் போனாலும் அந்த உழைப்பு வீணாவதில்லை.

கேட்டபின் காத்திருக்க வேண்டும். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள் என்பதை 1970-களில் கண்டறிந்தார். அந்தக் காத்திருப்பை 3 விநாடிக்கு மேல் நீட்டச் செய்தபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்கினார்கள், விடையின்றி விடப்பட்ட கேள்விகள் குறைந்தன. விடை முடிந்தபின் மீண்டும் 3 விநாடி காத்திருப்பதும் அதே அளவு பயனுள்ளது என்றும் அவர் காட்டினார்; முதலில் சொன்னவர் தம் விடையைத் தாமே திருத்தி விரித்துச் சொல்வதற்கு அந்த இடைவெளி இடம் தருகிறது. மூன்று விநாடி என்பது காகிதத்தில் சிறிய எண். கூட்டத்தின் நடுவே அது மிக நீளமாகத் தோன்றும். மனத்துக்குள் மெதுவாக ஐந்துவரை எண்ணுவதும், அப்போது பார்வையைத் தாளில் வைத்திருப்பதும் எனக்கு உதவியிருக்கின்றன. நெறியாளர் பதற்றத்தோடு முகங்களைத் துழாவினால், எல்லோரும் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

புதியவரைத் திடீரென்று பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்பது தவறு. அவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்திருக்கலாம். தடுமாறினால் அந்தத் தடுமாற்றமே அவ்வட்டத்தைப் பற்றிய அவருடைய முதல் நினைவாகிவிடும். மாறாக, வழிவிட்டு அழைக்கலாம். "இந்த வரியை முடித்துவிட்டு இவரிடம் வருகிறேன்" என்று ஒரு நிமிட அவகாசம் தரலாம், "கூட்டத்துக்கு முன் நீங்கள் என்னிடம் சொன்ன செய்தி இதற்குப் பொருந்தும் என்று தோன்றியது, விருப்பமிருந்தால் சொல்லுங்கள்" என்று அவரிடம் ஏற்கெனவே உள்ள ஒன்றைக் கேட்கலாம். இரண்டாவது முறையில், அவர் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் தனிப்பட்ட முறையில் அவர் சொன்ன செய்தியைப் பொதுவில் எடுக்கலாமா என்று முன்பே கேட்டிருக்க வேண்டும்.

முதல் பேச்சுக்குப் பின் வரும் அரை நிமிடம்

நெறியாளரின் திறமை உண்மையாகவே வெளிப்படும் இடம் இதுதான். புதியவர் ஒருவர் முதன்முறையாகப் பேசி முடித்ததும் அறையில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே அவர் மறுபடி பேசுவதும் மறுபடி வருவதும் அமைகின்றன. நான் கண்ட மிகக் கொடிய வரவேற்பு எதிர்ப்பு அன்று. ஒன்றும் நடக்காமல் போவதே. அவர் பேசி முடிக்கிறார், ஒரு கண மௌனம், பிறகு பழையவர் ஒருவர் "நாம் முன்னே சொன்னதற்கு வருவோம்" என்று தம் இழையைத் தொடர்கிறார். யாரும் அவரைப் புண்படுத்தவில்லை. ஆனால் தாம் பேசியது காற்றில் போயிற்று என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. மறுத்துப் பேசப்பட்டவருக்காவது தாம் சொன்னதை யாரோ கேட்டார்கள் என்ற ஆறுதல் இருக்கும்.

ஆகவே புதியவரின் பேச்சு பேச்சுவழியில் எங்காவது முடிச்சிடப்பட வேண்டும். அவர் சொன்னதில் உள்ள கருவை ஒரே வாக்கியத்தில், முடிந்தவரை அவருடைய சொற்களாலேயே திரும்பச் சொல்லி, "நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?" என்று கேட்டுவிட்டு, அது ஏற்கெனவே பேசப்பட்ட எந்தக் கருத்தோடு சேர்கிறது அல்லது மோதுகிறது என்பதைச் சுட்டி, அதைப் பற்றி வேறொருவரிடம் விடை கேட்க வேண்டும். "விலையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம், இவர் பராமரிப்புச் செலவைக் கொண்டுவருகிறார், முன்பு கணக்குச் சொன்ன நீங்கள் இதை எப்படிச் சேர்ப்பீர்கள்?" என்று கேட்டால், அந்தக் கணமே அவர் பேச்சு வட்டத்தின் பேச்சாகிவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து அதே கருத்து மீண்டும் எழும்போது, "இதை முதலில் எழுப்பியவர் இவர்" என்று பெயரோடு சொல்ல மறக்கக் கூடாது. புதியவர் சொன்னபோது கவனிக்கப்படாத கருத்தைப் பத்து நிமிடம் கழித்து மூத்தவர் ஒருவர் சொல்லி, அது அவருடைய கருத்தாகவே நிலைத்துவிடுவது பல வட்டங்களில் நடக்கிறது. அந்த உரிமையை மீட்டுக் கொடுக்கும் பொறுப்பு நெறியாளருடையது.

மிகைப் பாராட்டும் உதவாது. "அற்புதம், மிக ஆழமான கருத்து" என்று புதியவருக்கு மட்டும் சொல்லி மற்றவர்களுக்குச் சொல்லாவிட்டால், தம்மைக் குழந்தையாக நடத்துகிறார்கள் என்பதை அவர் உணர்வார். பழையவர் ஒருவரின் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வோமோ அப்படியே, அதில் உள்ள பொருளை எடுத்துக்கொண்டு பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

அவர் சொன்னது உண்மைக்கு மாறாக இருந்தால் என்ன செய்வது என்பதைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தவறைத் திருத்தாமல் விடக் கூடாது. விட்டால் மற்றவர்களுக்கு அது அநீதி. திருத்தத்தைத் தாமே உடனே சொல்லாமல், "அந்தச் செய்தி எங்கே கிடைத்தது என்று சொல்ல முடியுமா?" என்று முதலில் கேட்கலாம். அவரே ஐயப்பட்டு விலகிக்கொள்வார், அல்லது நெறியாளருக்குத் தெரியாத ஆதாரம் ஒன்று வெளிவரும். தெளிவான தவறு என்றால், "அந்த ஆண்டு வேறு; ஆனால் நீங்கள் கேட்கும் கேள்வி அப்படியே நிற்கிறது" என்று திருத்தத்தையும் மதிப்பையும் ஒரே மூச்சில் தரலாம். கேள்வி நிற்காதபோது நிற்கிறது என்று சொல்லக் கூடாது. இதில் பொய் சொன்னால் வட்டம் முழுவதற்கும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, "இதைப் பற்றி ஏற்கெனவே பேசி முடித்துவிட்டோமே" என்ற பழையவர்களின் வாக்கியம். புதியவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி முன்பே பேசப்பட்டவையாகத்தான் இருக்கும். அந்த வாக்கியத்தைச் சொல்ல அனுமதிக்காமல், முன்பு பேசியபோது வந்த முடிவையும் அதற்கான காரணத்தையும் ஒரு நிமிடத்தில் சுருக்கிச் சொல்லும்படி பழையவர் ஒருவரைக் கேட்பது என் வழக்கம். சுருக்கிச் சொல்ல முற்படும்போது, முடிவு நினைவிருந்தும் காரணம் நினைவில்லை என்பது அவருக்கே தெரியவரும் வேளைகள் உண்டு. அப்போது புதியவரின் கேள்வியை முழுமையாக எடுத்துக்கொண்டு மறுபடி பேசுவதே முறை.

மிகுதியாகப் பேசுபவரும் காயப்படுத்துபவரும்

மிகுதியாகப் பேசுபவர் பெரும்பாலும் கெட்ட எண்ணம் உடையவர் அல்லர். வட்டத்தின்மீது மிகுந்த பற்றுடையவராகவே இருப்பார். அமெரிக்கப் படைப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876-இல் வெளியிட்ட கூட்ட நடைமுறை விதிகளின் மரபில் ஒரு விதி உண்டு: ஒரு பொருளில் இதுவரை பேசாதவர் பேச விரும்பும்போது, ஏற்கெனவே பேசியவர் இரண்டாம் முறை பேசக் கூடாது. சிறிய வட்டங்களுக்கு அந்த மரபின் மற்ற விதிகள் தேவையில்லை. இந்த ஒன்று மட்டும் போதும். கூட்டத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் பொதுவாக இதை அறிவித்துவிட்டால், பின்னர் ஒருவரை நிறுத்தும்போது அது அவரைக் குறிவைத்ததாகத் தோன்றாது. கையை உயர்த்துபவர்களின் வரிசையை நெறியாளர் தாளில் குறித்துக்கொண்டு, முதன்முறை பேசுபவரை வரிசையின் முன்னுக்குக் கொண்டுவரலாம். அதற்கும் அடங்காதவரிடம் தனியாகப் பேச வேண்டும். பலர் முன்னிலையில் அல்ல. அவரிடம் கூட்டத்தின் குறிப்பெடுக்கும் பொறுப்பைத் தந்து பார்த்திருக்கிறேன். மற்றவர் பேச்சை எழுதும் கை ஓய்வின்றி இருப்பதால் அவர் பேச்சு குறைகிறது. அவருடைய பற்றுக்கும் அது பொருத்தமான வேலை.

கடுமையான சொல், ஏளனச் சிரிப்பு, ஒருவரின் பிறப்பையோ தொழிலையோ பேச்சு முறையையோ சுட்டும் கேலி ஆகியவற்றைக் கூட்டம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. உடனே, சுருக்கமாக, குரலை உயர்த்தாமல் நிறுத்த வேண்டும்: "கருத்தைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம்." இவ்வளவு போதும், நீண்ட அறிவுரை கூட்டத்தைத் திசைதிருப்பிவிடும். அந்தச் சொல் புதியவரை நோக்கி வந்ததாகவே இருக்க வேண்டியதில்லை. பழையவர்கள் இருவர் தமக்குள் உரிமையோடு திட்டிக்கொள்வதைப் பார்க்கும் புதியவர், நாளை தமக்கும் இதுதான் என்று கணக்கிட்டுக்கொள்கிறார். அவர்களுடைய இருபது ஆண்டு நட்பு அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சிலர் பேசத் தயங்குவது அறைக்குள் இருப்பவர்களுக்காக அன்று, தாம் சொன்னது வெளியே போய்விடுமோ என்பதற்காக. லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் நிறுவனத்தில் 1927-இல் வகுக்கப்பட்ட விதி இதற்குப் பயன்படும்: கூட்டத்தில் கேட்ட செய்தியை வெளியே பயன்படுத்தலாம், ஆனால் அதைச் சொன்னவர் யார் என்பதையும் கூட்டத்தில் இருந்தவர்கள் யார் என்பதையும் வெளியிடக் கூடாது. பணியிடச் சிக்கல்களைப் பேசும் வட்டங்களில் இதை முதல் வாக்கியமாகவே படித்துக் காட்டுவது நல்லது.

இரண்டாம் கூட்டமும் அதன் பின்னும்

கூட்டம் முடிந்த மறுநாள் புதியவரைத் தொடர்புகொண்டு, "எப்படி இருந்தது?" என்று கேட்பதைவிட, "எந்த இடத்தில் பேச்சைப் பின்தொடர முடியாமல் போயிற்று?" என்று கேட்பது மேல். முதல் கேள்விக்கு "நன்றாக இருந்தது" என்ற விடையே வரும். இரண்டாவது கேள்விக்கு வரும் விடைகள் வட்டத்துக்குள் இருப்பவர்கள் ஒருபோதும் காண முடியாத குறைகளைக் காட்டும்: விளக்கப்படாத சுருக்கப் பெயர்கள், யாருக்கும் சொல்லப்படாத பழைய நிகழ்ச்சி ஒன்றைச் சுட்டிச் சிரித்தது, பின்வரிசைக்குக் கேட்காத குரல்.

பின்னர் அவருக்குச் சிறிய, ஆனால் உண்மையான பொறுப்பு ஒன்று தேவை. ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல் தொழில் பழகுநர்களைப் பற்றி எழுதியபோது, லைபீரியாவின் தையற்காரர்களை எடுத்துக்காட்டினார்கள். அங்கே பழகுநர் துணி வெட்டுவதில் தொடங்குவதில்லை. முடிந்த ஆடைக்குப் பொத்தான் தைப்பதிலும் ஓரம் மடித்துத் தைப்பதிலும் தொடங்கி, பிறகு தைப்பதற்கும், கடைசியில் வெட்டுவதற்கும் போகிறார். ஆடை உருவாகும் வரிசைக்கு நேர்மாறான வரிசை அது. முடிவில் தவறு நேர்ந்தால் இழப்பு குறைவு. முழு ஆடையும் எப்படி இருக்கும் என்பதும் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. கலந்துரையாடலுக்கும் இந்த வரிசையைக் கைக்கொள்ளலாம். இரண்டாம் கூட்டத்தில் புதியவர் முடிவுகளைப் பலகையில் எழுதலாம். மூன்றாவதில், பேசியவற்றை இரண்டு நிமிடத்தில் தொகுத்துச் சொல்லலாம். பிறகு ஒரு கேள்வியைத் தயாரித்து வரலாம். அதன்பின் ஒரு கூட்டத்துக்கான பொருளையே அவர் தேர்ந்தெடுக்கலாம். முதல் மாதத்திலேயே "நீங்கள் ஒரு தலைப்பில் பேசுங்கள்" என்று மேடையேற்றுவது, பழகுநர் கையில் கத்தரிக்கோலையும் புதுத் துணியையும் கொடுப்பதற்கு நிகர்.

தம் வேலை நடக்கிறதா என்பதை நெறியாளர் தம் உணர்வை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. கலகலப்பான கூட்டம் என்று நான் மகிழ்ந்த ஒன்றில், எண்ணிப் பார்த்தபோது பதினான்கு பேரில் நான்கு பேரே திரும்பத் திரும்பப் பேசியிருந்தார்கள். வட்டத்தின் படத்தைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் பேசிய முறைகளைக் கோடுகளாகக் குறித்துக்கொண்டால் போதும். யார் பேசியபின் யார் பேசினார் என்று அம்புக்குறி இட்டால் இன்னும் தெளிவாகும். நான்கு கூட்டங்களின் தாள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, எவரை நோக்கி அம்பே செல்லவில்லை என்பது தெரிந்துவிடும். அடுத்த கூட்டத்தில் எதிர் இருக்கை அவருக்கு உரியது.

ஓராண்டுக்குள், புதியவராக வந்த ஒருவரிடம் ஒரு கூட்டத்தின் நெறியாளுகையை ஒப்படைக்க வேண்டும். அந்த நாளில் பழைய நெறியாளர் எங்கே அமர்கிறார் என்பது முக்கியம். எதிரே அமர்ந்தால் பேசும் ஒவ்வொருவரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள், ஒப்புதலுக்காகக் காத்திருப்பார்கள். புதிய நெறியாளருக்குப் பக்கத்து நாற்காலியில், அவர் பார்வைக்கும் மற்றவர் பார்வைக்கும் நேராகப் படாத இடத்தில் அமர்ந்து, பலகையில் எழுதும் வேலையை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.